வெள்ளவத்தையிலிருந்து வந்த பழுதுகள்

வெள்ளவத்தை
18.01.2024

அன்பு மகன் கிருபாகரனுக்கு,

பிள்ளையாரின் காவலில் நானும் அப்பாவும் நாளைக் கடத்துகிறோம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இந்தமுறையும் பொங்கினேன். சாப்பிடத்தான் ஆள் இல்லை.

என்ன, இந்தக் காலத்தில் அம்மா கடதாசியில் எழுதி, கிரைண்டருக்குள் வைத்து அனுப்புகிறாளே என்று பார்க்கிறாயா? நீ வேறு வழி வைத்தாயா? உன் நம்பருக்கு எடுத்தால் ஒரு தரம் மணி அடித்து நின்றுவிடுகிறது. நீ எங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று மேல்மாடி நிரோஷா சொல்லித்தான் விளங்கியது. நீ இங்கே எடுத்தாலும் போனை முதலில் தூக்குகிறவர் அப்பா. அந்தக் கதை உனக்குத் தெரியும்.

கிரைண்டர் சுற்றவில்லை. எங்கள் சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் ராசிக்குக்குக் கிராண்ட்பாஸில் வீடு. உன் மாமனார் கொன்ஸ்ரன்ரைனின் கடையைத் தாண்டித்தான் தினமும் போகிறானாம். அவனிடம் கொடுத்துவிட்டேன். சின்ன வயதில் வீட்டில் ஒரு மணிக்கூட்டையும் கழற்றாமல் விடாத கை உன் கை. இப்போது பழுது பார்ப்பதே உனக்குத் தொழிலாகிவிட்டது. அப்பா கேட்டால் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொடுத்தேன் என்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் இருதயத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டுமாம். சித்திரை வருஷம் கழியட்டும் என்று அவர் தவணை சொல்கிறார். நேற்று உன் அத்தையின் மகன் கார்த்திகனைக் கூப்பிட்டு இருத்தி, "எனக்கு ஏதும் நடந்தால் நீதான் கொள்ளி வைக்கோணும். கலியாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிப்போனவன் என்ர சவத்துக்குக் கிட்ட வரக்கூடாது" என்றார். நான் குசினிக்குள் நின்று கேட்டேன். பெற்ற பிள்ளை ஒரே ஊரில் இருக்க, மருமகன் கொள்ளி வைப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை.

ஒப்பரேஷனுக்கு முன்னம் ஒரு தரம் வந்து முகத்தைக் காட்டு. ஏசுவார். ஏசட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
அம்மா நாகமணி


கொட்டாஞ்சேனை
24.01.2024

அன்புள்ள மாமிக்கு,

ஆண்டவர் தயவால் இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் நிலைமையை வாசித்து மனம் பதறிவிட்டது. அவருக்காக மன்றாடுகிறேன்.

நான் மெற்றில்டா, கிருபாவின் மனைவி. கலியாணம் முடித்து நாலு வருஷமாகியும் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அதனால் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்தபடியே திருப்பித் தந்துவிட்டார். வாசி என்றும் சொல்லவில்லை, எறி என்றும் சொல்லவில்லை. நான் வாசித்தேன், கோபிக்க வேண்டாம். ஒப்பரேஷனையும் கொள்ளி விஷயத்தையும் வாயால் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழும்பிக் கை கழுவிவிட்டார்.

கிரைண்டர் சரி. அவர்தான் திருத்தினார். மோட்டரில் ஒரு குறையும் இல்லை, அடியில் வயர்தான் அறுந்திருந்தது. எலி கடித்தால் றப்பர் பிய்ந்து கிடக்கும். இது கத்தியால் போட்ட ஒரே வெட்டு. மாமி, தயவுசெய்து அடுத்த முறை பிளக்கைக் கழற்றிவிட்டு வெட்டுங்கள். கறன்ட் ஆள் பார்க்காது.

மரியாதையுடன்,
மெற்றில்டா


வெள்ளவத்தை
02.02.2024

கிருபாகரன் வீட்டாருக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

நீர் எழுதியது கிடைத்தது. மகனுக்கு எழுதியதை மற்றவர் வாசிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வாசித்தாயிற்று, இனி என்ன செய்வது. இதையும் நீர்தான் வாசிப்பீர் என்று தெரிகிறது. அப்படியென்றால் அவன் காதில் விழ உரத்து வாசியும்.

வயரை எலிதான் கடித்தது. வெள்ளவத்தை எலிகளுக்குப் பல் கூர்.

கிருபா, கிரைண்டர் வந்த அன்றைக்குத் தேவையில்லாமல் இரண்டு தரம் சம்பல் அரைத்தேன். அது சுற்றும்போது மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு உன் கை பட்ட ஒரு சாமான் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது. அப்பா அதில் அரைத்த சம்பலைத்தான் சாப்பிட்டார், அவருக்குத் தெரியாது. எனக்கு அது போதும் போலவும் இருந்தது, போதாது போலவும் இருந்தது.

இப்போது சட்டை தேய்க்கும் அயன் சூடாகவில்லை. அனுப்பியிருக்கிறேன். அயனோடு நீயும் வந்தால் என்ன?

இப்படிக்கு,
அம்மா


கொட்டாஞ்சேனை
20.02.2024

அன்புள்ள மாமிக்கு,

வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போனது, அதுதான் பதில் பிந்தியது. மாமா மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாரா?

அயனை அனுப்புகிறேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தகடு வளைந்திருந்தது. யாரோ கரண்டிக் காம்பால் நெம்பியிருக்கிறார்கள். எலி என்று மட்டும் எழுத வேண்டாம்.

உங்கள் கடிதத்தை உரத்துத்தான் வாசித்தேன். அவர் வீட்டுக்குள் ஒன்றும் செய்யாமல் நின்றார். கிரைண்டர் மூடியைப் பற்றி எழுதிய இடம் வந்ததும், "காணும், நிப்பாட்டு" என்றார். நிறுத்திவிட்டேன்.

கடைக்கு வரும் சாமான்களைக் கடையில் வைத்துத்தான் திருத்துவது. உங்கள் அயனை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் செய்தார். அடித்தட்டைப் புளி போட்டுத் தேய்த்தார். இதை உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

வருவதைப் பற்றிக் கேட்டேன். "அவர் கூப்பிடட்டும், போறன். கூப்பிடாத வீட்டுக்கு நான் என்னெண்டு போறது?" என்றார். கடவுளே, இரண்டு பேரும் ஒரே அச்சு. மாமி, நீங்களாவது இங்கே வந்து பார்க்கலாமே. பிள்ளையைப் பார்க்க அம்மாவுக்கு யாரும் கடவுச்சீட்டு கேட்கப் போவதில்லை.

அன்புடன்,
மெற்றில்டா


வெள்ளவத்தை
05.03.2024

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய சுகத்தையும் அவனுடைய சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன். எனக்குக் கால் வீக்கம், அதைவிட ஒன்றுமில்லை.

நீர் எழுதியதைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் வைத்து, புளி போட்டு! அவன் தன் சட்டையைக்கூடத் தோய்க்காதவன். நான் வர நினைப்பேன்தான். அவர் தனியே இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் யார் தூக்குவது என்ற பயத்தில் கடைக்குக்கூட ஓடிப்போய் ஓடி வருகிறேன்.

ஒப்பரேஷன் மே மாதம் பதினாறாம் திகதி, வியாழக்கிழமை. முதல் நாளே வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு புது இடி. அந்த அயனால் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். வந்து, "அந்தப் பம்பலப்பிட்டிக்காரன் நல்ல வேலைகாரன்தான். கடைக்கு என்ன பேர்?" என்று கேட்டார். மறந்துவிட்டது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். முந்தாநாள் அவருடைய ரேடியோ நின்றுவிட்டது. சத்தியமாக நான் தொடவில்லை. காலையில் மரண அறிவித்தல் கேட்காவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. அதை யார் கையிலும் கொடுக்க மாட்டாராம், தானே கொண்டுபோவாராம். இல்லாத கடைக்கு நான் அவரை எப்படிக் கூட்டிப்போவது? ஒரு வழி சொல்லும்.

அவசரமாக,
மாமி


கொட்டாஞ்சேனை
06.03.2024

அன்புள்ள மாமிக்கு,

சுகம். ராசிக் அண்ணா வாசலில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

கடை பூட்டியிருக்கிறது, ஆள் ஊருக்குப் போய்விட்டான், இப்படி ஏதாவது சொல்லி நாளைக் கடத்துங்கள். மாமா இங்கே வருவதென்றால் வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு நாள் முன்னம் எனக்குத் தெரியப்படுத்துங்கள். சொல்லாமல் மட்டும் அனுப்பிவிட வேண்டாம், மாமி. அதற்கு முன்னம் எனக்குச் சில வேலைகள் இருக்கின்றன.

மெற்றில்டா


வெள்ளவத்தை
19.03.2024

மெற்றில்டா என்பவருக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை அவர் ராசிக்கை வெருட்டி உண்மையைக் கறந்து, அவனுடைய ஓட்டோவிலேயே உங்கள் கடைக்கு வந்துபோனது எனக்குப் பின்னேரம்தான் தெரியும். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாடியது. நான் இப்போது வெடிக்கப் போகிறார் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வெடிக்கவில்லை. சிரித்தார். "உன்ர மகன் ஒரு ஸ்குரூகூட முறுக்கேல்லை. எல்லாம் செய்தது அந்தப் பெட்டைதான். உனக்கு நல்லா விளையாட்டுக் காட்டியிருக்கிறாள்" என்றார்.

மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேனே! அயனைத் துடைத்துச் சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்தேனே! எல்லாவற்றையும் வாசித்து உள்ளுக்குள் சிரித்திருப்பீர். சாப்பாட்டு மேசையாம், புளியாம். எப்படித்தான் வந்தது அந்தப் பொய் உமக்கு?

மேசை ஃபானை அனுப்பியிருக்கிறேன். நான்தான் வயரைப் பிடுங்கினேன், எலி இல்லை. இதைக் கிருபாகரன் கையால் திருத்த வேண்டும். நீர் தொட வேண்டாம்.

நாகமணி


கொட்டாஞ்சேனை
25.03.2024

மாமிக்கு,

சுகம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று டாடி பழக்கியிருக்கிறார்.

ஓம், நான்தான் செய்தேன். டாடிக்குக் கண் மங்கிய பிறகு கடையில் திருத்துவது எல்லாம் நான்தான். கிருபா புறக்கோட்டைக்குப் போய்ச் சாமான் வாங்குவார், பில் போடுவார், வாடிக்கையாளரோடு கதைப்பார். சின்ன வயதில் மணிக்கூடு எல்லாம் கழற்றியிருக்கலாம். திரும்பப் பூட்டியது யார் என்று நீங்கள் யோசிக்கவில்லையா?

முதல் கடிதத்திலேயே "உன் கை, உன் கை" என்று எழுதியிருந்தீர்கள். அது என் கை என்று எழுதியிருந்தால் இரண்டாவது சாமான் வந்திருக்குமா? அந்த வீட்டிலிருந்து இவருக்கு வருவது இந்தப் பழுதுகள் மட்டும்தான். இவர் தொட மாட்டார். ஆனால் ராசிக் அண்ணாவின் ஓட்டோ சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, பொய் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் புளி போட்டது நான். கடைச் சாமானாக அதை நினைக்க என்னாலும் முடியவில்லை.

அதற்காக ஒன்று கேட்கிறேன். நான் திருத்திய அயன் சூடாகவில்லையா? நான் பூட்டிய கிரைண்டரில் சம்பல் அரைபடவில்லையா? பிள்ளையின் கை என்றால் சாமி அறை, என் கை என்றால் விளையாட்டா?

மாமா வந்த கதையையும் கேளுங்கள். ரேடியோவைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "பாஸ் இன்னவாத?" என்று சிங்களத்தில், திருத்துகிறவர் இருக்கிறாரா எனக் கேட்டார். "நான்தான் பாஸ், மாமா. இருங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார், பிறகு இருந்தார். நான் செய்து முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வைத்தேன், குடித்தார். இவரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

இவர் சாமான் அலுமாரிக்குப் பின்னால் நின்றார். மாமா இருமுவதைக் கேட்டுக்கொண்டு, வெளியே வராமல், அவ்வளவு நேரமும் நின்றார். போகும்போது மாமா, "மே பதினாறு ஒப்பரேஷன்" என்றார். ஓம் என்றேன். வாசலுக்குப் போய்த் திரும்பி, இன்னும் உரத்து, "மே பதினாறு" என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், மாமி. அவர் எனக்குச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு எனக்கும் இவருக்கும் பெரிய சண்டை. எட்டு அடி தூரத்தில் அப்பா. வர முடியவில்லையாம்!

ஃபான் மேசைக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் சொன்னபடி நான் தொடப் போவதில்லை. இவர் அதைச் சுற்றி நடக்கிறார்.

மெற்றில்டா


வெள்ளவத்தை
18.04.2024

மெற்றில்டாவுக்கு,

வருஷம் பிறந்து நாலு நாளாகிறது. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வெக்கை எழுத வைக்கிறது. அவர் இரவில் படுக்கிறாரில்லை. கதிரையில் இருந்துகொண்டு பேப்பரால் விசிறுகிறார். புது ஃபான் வாங்குவோம் என்றேன். "வேண்டாம். அது எங்க போனதெண்டு எனக்குத் தெரியும். வரட்டும்" என்கிறார். ஒவ்வொரு நாளும் ராசிக் வந்தானா என்று கேட்கிறார். நான் பிடிவாதத்தில் பிடுங்கிய வயர், இப்போது அவருடைய மூச்சைப் பிடிக்கிறது. டொக்டர் நல்ல நித்திரை வேண்டும் என்றார்.

ஃபானைத் திருப்பி அனுப்பும். அவன் தொடாவிட்டால் நீரே செய்து அனுப்பும்.

ரேடியோ நன்றாகப் பாடுகிறது. முந்தி இருந்த இரைச்சலும் இல்லை. அயன் சூடாகவில்லையா என்று கேட்டீர். அயன் சூடாகிறது. அதை எழுதாமல் விடுவது பாவம் என்று பட்டது.

மாமி


கொட்டாஞ்சேனை
10.05.2024

அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கால் வீக்கம் என்று மெற்றில்டா சொன்னாள். உப்பைக் குறையுங்கள்.

ஃபானை நான்தான் செய்தேன். நீங்கள் கடைசியாக எழுதியதை நானே வாசித்தேன். அப்பா பேப்பரால் விசிறுகிறார் என்ற இடத்துக்குப் பிறகு வாசிக்க முடியவில்லை. மெற்றில்டாவிடம் இதைச் செய்யச் சொல்லிக் கேட்டேன். "உங்கட அம்மா என்னைத் தொட வேண்டாம் எண்டவ. பிறகு தொடு எண்டவ. எனக்கு முதல் சொன்னதுதான் கணக்கு" என்றாள். எந்த வயர் எங்கே என்றுகூடக் காட்டவில்லை. கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டி, மூன்று கிழமை போய்விட்டது. கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். கடைசியில் சுற்றுகிறது. அவள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. காற்றுக் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்பா வந்த அன்று நான் உள்ளேதான் நின்றேன். நன்றாக மெலிந்துபோனார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். சவத்துக்குக் கிட்ட வரக்கூடாது என்று சொன்னவருக்கு முன்னால், உயிரோடு இருக்கும்போது எந்த முகத்தோடு வந்து நிற்பது? எனக்குப் பயம், அம்மா. வேறு ஒன்றுமில்லை.

கிருபா


வெள்ளவத்தை
13.05.2024, காலை

அன்பு மகள் மெற்றில்டாவுக்கு,

நீயும் அவனும் நல்லாயிருக்க வேண்டும். கடிதத்தை உனக்குத்தான் எழுதுகிறேன். அவன் வாசிக்கத் தயங்குவான், நீ தயங்க மாட்டாய்.

ஃபான் நேற்றுப் பின்னேரம் வந்தது. அவர்தான் பிளக்கைக் கொழுவினார். நான் தள்ளி நின்றேன். சுற்றியது. நல்ல வேகமாகத்தான் சுற்றியது. ஆனால் ஒரு துளி காற்றும் வரவில்லை. பின்னால் தொங்கிய கலண்டர்தான் படபடவென்று அடித்தது. உன் புருஷன் அதை எதிர்ப்பக்கம் சுற்ற வைத்து அனுப்பியிருக்கிறான். காற்று முழுக்கச் சுவருக்குப் போகிறது. நீ ஏன் வாயைப் பொத்திக்கொண்டு போனாய் என்று அப்போதுதான் விளங்கியது. கெட்டிக்காரி, ஒரு சொல் சொல்லியிருக்கலாம்!

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் எடுத்து, நான் பயந்துபோய் நெஞ்சைத் தடவினேன். என் கையை எடுத்துவிட்டு, "இது அவன் பூட்டினதுதான். இதை வேற ஒருத்தரும் செய்யேலாது" என்றார். கண்ணைத் துடைத்தார். சிரித்ததால் வந்த தண்ணீர் என்றார். எனக்கு அவரோடு நாற்பது வருஷம், எனக்குத் தெரியாதா?

நிற்பாட்டப் போனேன், விடவில்லை. கதிரையை இழுத்துச் சுவர்ப் பக்கம் போட்டு, ஃபானுக்குப் பின்னால் இருந்துகொண்டார். இரவு அங்கேயே தூங்கிப்போனார். இந்த மாதத்தில் அவர் தூங்கியதை நேற்றுத்தான் பார்த்தேன்.

காலையில், "இதை மெற்றில்டாவிட்ட அனுப்பி நேராக்குவம்" என்றேன். "அவள் தொடக்கூடாது. பூட்டினவனே இங்க வந்து கழட்டட்டும்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவன். அதுக்கு முன்னம் வரச் சொல்லு" என்றார். கார்த்திகனுக்குப் போன் எடுத்து, "தம்பி, நான் உன்னட்டச் சொன்னதை மறந்திடு" என்றார்.

கூப்பிட்டுவிட்டார், பிள்ளை. இதற்கு மேல் அவருக்குக் கூப்பிடத் தெரியாது. ராசிக்கைத் திரும்பி வராமல் உங்கள் வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் ஏறுங்கள்.

அம்மா